மாடன் பேசிய பேச்சு

சாமிக்கே பேச்சுச் சொல்லிக் கொடுத்த பெண்பிள்ளை உலகத்தில் ஜெயலட்சுமி ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதையும் அவள் கோவிலில் வைத்துச் செய்யவில்லை. ஓசூர் தாண்டிக் கன்னடச் சீமையில் உள்ள சந்தாபுராவில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் தங்கள் புரோட்டாக் கடையில், மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சால்னாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே செய்தாள்.

எதிரே அவள் புருஷன் உத்தமன் பெரிய அலுமினியச் சட்டியில் மைதா மாவைக் குத்திக்கொண்டிருந்தான். நெற்றி வேர்வை மாவில் விழாமல் இருக்கத் தலையில் ஒரு துண்டு கட்டியிருந்தான்.

"எங்க, சொல்லுங்க பாப்போம். ஒருத்தி கையக் கூப்பிக்கிட்டு முன்னால நிக்கா. மாடன் என்ன கேப்பான்?"

"என்னாம்மா வேணும்?" என்றான் உத்தமன்.

"நாசமாப் போச்சு. அவ என்ன பார்சல் வாங்கவா வந்திருக்கா? 'ஏளா, என்னளா வேணும் ஒனக்கு'ன்னு அதட்டிக் கேக்கணும். மாடன் அதட்டத்தான் செய்வான். அதட்டுனாத்தான் அவளுக்கும் திருப்தி."

"ஏளா, என்னளா வேணும்."

"இன்னுங் கொஞ்சம் தொண்டையில இருந்து வரட்டும். சரி, அவ அழுவுதா. இப்ப என்ன சொல்லுவிய?"

உத்தமன் மாவிலிருந்து கையை எடுத்து யோசித்தான். "ஏன்மா அழுவுற? எல்லாம் சரியா பூடும். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

ஜெயலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள். வெங்காயக் கை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

உத்தமனைக் குறை சொல்லிப் பயனில்லை. நாங்குநேரிக்குத் தெற்கே உள்ள ஆலடிப்பொத்தையிலிருந்து அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தபோது அவன் சின்னப் பையன். தர்மபுரிக்காரர்களும் கிருஷ்ணகிரிக்காரர்களும் கன்னடத்துக்காரர்களும் கலந்து சாப்பிடுகிற கடையில்தான் அவனுக்கு நாக்கு முற்றியது. அதனால் அவன் தமிழில் கொஞ்சம் கன்னடம் மிதக்கும், 'கொஞ்சம்' என்பதே 'சொல்ப' ஆகிவிடும், கொஞ்சம் உருது தட்டுப்படும், மிச்சத்தைத் தர்மபுரி பார்த்துக்கொள்ளும். ஜெயலட்சுமி அப்படியில்லை. கல்யாணமாகி இங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, காலேஜுக்குப் போகிற பெண் இருக்கிறாள். இன்னும் வாயைத் திறந்தால் ஆலடிப்பொத்தைதான். காய்கறி வண்டிக்காரர் அவளிடம் வியாபாரம் செய்து செய்து, "வாங்க மயினி, வெண்டக்கா பிஞ்சால்லா இருக்கு" என்று பேசக் கற்றுக்கொண்டாரே தவிர, இவள் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆலடிப்பொத்தைச் சனம் சந்தாபுராவைச் சுற்றி நிறைய இருக்கிறது. பலசரக்குக் கடை, டீக்கடை, பொம்மசந்திராவில் கம்பெனி வேலை. உத்தமனின் அப்பாதான் ஊருக்குப் போய்ச் சுடலைமாடன் பீடத்திலிருந்து பிடிமண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு வந்து இங்கே ஒரு பீடம் போட்டார். பிடிமண் போன இடத்துக்கு மாடனும் போவான் என்பது அவர்கள் நம்பிக்கை. பிள்ளைக்கு முதல் மொட்டை அங்கேதான். வேலை கிடைக்கவில்லை என்றாலும், கிடைத்த வேலையில் மேலதிகாரி சரியில்லை என்றாலும் அங்கேதான் போய் நிற்பார்கள். வருஷா வருஷம் நடக்கும் கொடைத் திருவிழாவில் உத்தமனின் அப்பாமேல் சாமி வந்து, கூட்டத்தை வாய்க்கு வந்தபடி வைது, ஒவ்வொருவர் நெற்றியிலும் திருநீறு பூசும். வைத வைவில் வருஷம் முழுதும் பட்ட சங்கடம் பாதி போய்விடும்.

அப்பா காலமான பிறகு, சாமியாடி பிடிக்கும் ஈட்டியான வல்லயம் உத்தமன் கைக்கு வந்தது. போன வருஷக் கொடையில் அவன்மேல் சாமி வந்தது, குதித்தது, வேர்த்தது. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் காத்திருந்து பார்த்துவிட்டுச் சோற்றுப் பந்திக்குப் போய்விட்டது.

சேதி ஊருக்குப் போயிற்று. ஊர்க் கோவிலுக்குப் பெரியவர் மூக்காண்டி, உத்தமனுக்குப் பெரியப்பா முறை. அவர் போனில் சொன்னது ஒன்றேதான்: "இந்தக் கொடைக்கு நான் வாரேன். மாடன் பேசணும். பேசலைன்னா அங்கன அவன் இல்லைன்னு அர்த்தம். மண்ண முடிஞ்சு எடுத்துக்கிட்டு வந்திருவேன்."

அன்றைக்கு ஜெயலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குப் போனால் மாடன் இல்லாமலா போய்விடுவான்? இருப்பான். ஆனால் இங்கே காய்ச்சலடிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு இடம் வேண்டுமே. வந்த ஊரில் நமக்கென்று ஒரு பிடி மண்ணாவது இருக்கிறது என்கிற நினைப்பு போய்விடுமே. மாமனார் மடியில் கட்டிக் கொண்டுவந்ததைப் புருஷன் காலத்தில் கோட்டைவிட்டார்கள் என்ற பேர் வேறு. அப்போதுதான் அவளுக்கு இந்த யோசனை வந்தது.

"இது தப்பில்லயா ஜெயா? சாமி குத்தம் ஆய்டாதா?" என்று உத்தமன் முதல் நாளே கேட்டான்.

"சாமி வந்து பேசுனா நல்லது. அது பேசுத அன்னைக்கு நாம யாரு குறுக்க? வாயத் தொறக்கலைன்னா நாம தொறக்கணும்லா? மண்ணத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கது மட்டும் குத்தமில்லையாக்கும்."

உத்தமன் மாவைத் திருப்பிப் போட்டுக் குத்தினான். பெண்டாட்டியிடம் அவன் அதிகம் பேசி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

கடை வேலையோடு வேலையாகச் சொல்லிக் கொடுத்தால் நாக்கில் நிற்கவில்லை என்று, மகள் சிந்து ஒரு வழி செய்தாள். அம்மாவை மாடன் மாதிரி பேசச் சொல்லி வாட்ஸ்அப்பில் பதிவு செய்து அப்பாவுக்கு அனுப்பினாள். உத்தமன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, புரோட்டா வீசும்போதெல்லாம் அதைக் கேட்டு முணுமுணுத்தான். ஏதோ பாட்டுக் கேட்கிறார் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கொடைக்கு முந்தின நாள் மத்தியானம் ஜெயலட்சுமி கடைசிப் பரீட்சை வைத்தாள். உத்தமன் கல்லுப் பக்கத்தில் நின்று, தோசைத் திருப்பியை வல்லயமாகப் பிடித்துக்கொண்டு, "ஏல எம் மக்கா! எதுக்குல கலங்குதிய? ஆலடிப்பொத்தைய விட்டு வந்தா ஒங்கள நான் விட்டுருவனால?" என்று ஒரு முழக்கம் முழக்கினான். ஜெயலட்சுமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மாமனாரே வந்து நின்ற மாதிரி இருந்தது.

"போதும்" என்றாள். "தண்ணிபட்ட பாடா வந்துட்டு. இனிமே மாடன் பாடு."

விடிந்ததும் சாரல் போட்டு நின்றது. பீடம் இருப்பது கிருஷ்ணப்பாவின் ராகிக் கொல்லை ஓரத்தில், தைல மரங்களுக்கு அடியில். கிருஷ்ணப்பா உள்ளூர்க்காரர், கன்னடத்துக்காரர். உத்தமனின் அப்பாவுடைய கடைக்குத் தினமும் டீ குடிக்க வந்த பழக்கத்தில், "உங்க சாமிக்கு எஷ்டு ஜாகா பேக்கு? அந்த மூலையில வெச்சுக்கோ" என்று இடம் கொடுத்தவர். ஒவ்வொரு கொடைக்கும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வருவார். செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டுக் கடைசித் தைல மரத்தடியில் கையைக் கூப்பி நிற்பார். சாமி பேசுவது அவருக்கு ஒரு எழுத்தும் புரியாது. முன்னால் வாருங்கள் என்றால், "பர்வாகில்லா, நீங்க நோடுங்க" என்று, பரவாயில்லை நீங்கள் பாருங்கள் என்று சொல்லி, அங்கேயே நின்றுவிடுவார்.

உழுது போட்ட செம்மண் மழைக்கு வாசம் விட்டது. ஒரு பக்கம் கிடாக்கறி அண்டாவில் கொதித்தது. இன்னொரு பக்கம் பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டும் மல்லித்தழை ஆய்ந்துகொண்டும் ஊர்க்கதை பேசினார்கள். அடுப்புப் புகை ஈரக் காற்றில் மேலே போகாமல் ஆட்களையே சுற்றிச் சுற்றி வந்தது.

மூக்காண்டி மேளக்காரர்களோடு ரயிலேறி ஓசூரில் இறங்கிக் காலையிலேயே வந்துவிட்டார். வெள்ளை மீசை, தோளில் பச்சைக்கரைத் துண்டு. வந்ததும் பீடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஜெயலட்சுமி கொடுத்த கடுங்காப்பியை வாங்கிக்கொண்டு, மடியிலிருந்து மடித்த மஞ்சள் துணி ஒன்றை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"அது எதுக்கு மாமா இப்பமே?" என்றாள் ஜெயலட்சுமி.

"எடுத்து வச்சாத்தானளா மறக்காது."

"காப்பிக்கு இனிப்புக் காணுமா?"

"காப்பி நல்லாத்தான் இருக்கு. ஒம் மாமியா கைப்பக்குவம். ஆனா காப்பிக் குடுத்து என்னய மடக்க முடியாது, ஆமா."

உச்சி வேளைக்கு மதியக் கொடை தொடங்கியது. நையாண்டி மேளம் அடி எடுத்ததும் தைல மரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன. சாமியாடி உடுப்பான சல்லடமும் குல்லாயும் கட்டி, கையில் வல்லயத்தோடு உத்தமன் பீடத்துக்கு எதிரே நின்றான். ஜெயலட்சுமி பெண்கள் வரிசையில் நின்று அவன் முகத்தையே பார்த்தாள். உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. படித்த பாடத்தைச் சொல்லிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பரீட்சை எழுதப் போன பிள்ளையை வாசலில் விட்டுவந்த தாயாட்டம் அவளும் கூடவே உதட்டை அசைத்தாள்.

மேளம் ஏற ஏற, உதடு நின்றது. கண் எங்கோ போயிற்று. முதலில் கெண்டைக்கால் நடுங்கியது, அப்புறம் தோள். பெண்கள் குலவை போட்டார்கள். உத்தமன் ஒரு எகிறு எகிறி, மூக்காண்டியைத் தாண்டி, வரிசையைத் தாண்டி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். கடைசித் தைல மரத்தடியில் போய் நின்றான். அங்கே கிருஷ்ணப்பா வெலவெலத்துப் போய் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டார்.

"யாக்கப்பா ஹிந்தே நிந்திதீயா?" என்று மாடன் கர்ஜித்தான். "நனகே ஜாகா கொட்டோனு நீனு! முந்தே பா!"

ஏனப்பா பின்னால் நிற்கிறாய், எனக்கு இடம் கொடுத்தவன் நீ, முன்னால் வா என்று சாமி கன்னடத்தில் கூப்பிட்டது. கிருஷ்ணப்பாவின் கையைப் பிடித்து, ஒரு கைப்பிள்ளையைக் கூட்டிவருவது போலப் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி நெற்றி நிறையத் திருநீறு பூசியது. அதோடு நிற்கவில்லை. முன்வரிசையில் பிள்ளையோடு அழுதுகொண்டு நின்ற ஒருத்தியிடம் போய், "ஏன்மா அழுவுற? நான் இருக்கேன் இல்ல? பயப்படாத. எல்லாம் ஆவும். சொல்ப டைம் குடு" என்றது.

"நிறுத்துல மேளத்த!"

மூக்காண்டி எழுந்துவிட்டார். மேளம் நின்றது. மாடன் மட்டும் வல்லயத்தை ஊன்றி ஆடிக்கொண்டே நின்றான்.

"எவ்வளவு தைரியம்வே ஒங்களுக்கு? இது மாடன் பேசுத பேச்சா? நம்ம பொத்தையில நின்ன சாமி, 'டைம் குடு'ங்குமா? சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவன் கடையில பேசுத பேச்சப் பேசி நடிக்கான். மண்ண எடுங்கல!"

மஞ்சள் துணி விரிந்தது. இருக்கிற அத்தனை பேரிலும் ஜெயலட்சுமிக்கும் சிந்துவுக்கும் மட்டும்தான் ஒரு விஷயம் தெரியும். அதைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மண் போகும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜெயலட்சுமி நடுவே வந்தாள்.

"மாமா, செத்த நில்லுங்க. இவிய நடிக்கல."

"ஒனக்கு எப்படிளா தெரியும்?"

"நடிக்கச் சொல்லிக்குடுத்ததே நாந்தான்."

மண் அள்ளக் குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"ஒரு மாசமா மாவு பெசையும்போதும் புரோட்டா போடும்போதும் சொல்லிக்குடுத்தேன். அவ்வளவும் நம்ம ஊர்ப் பேச்சு. மாமனாரு எப்படிப் பேசுவாவளோ அப்படி. நேத்து மத்தியானம் ஒரு சொல்லு தவறாம சொன்னாவ. நடிக்க வந்த மனுசன் படிச்சதத்தான சொல்லியிருக்கணும்? அதுல ஒரு சொல்லாவது வந்துச்சா? இது நான் சொல்லிக்குடுத்தது இல்ல மாமா. இது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

"மறந்துட்டு ஒளறுதான்னு நான் சொன்னா?"

"மறந்தவன் தெணறுவான். இவிய தெணறுனாவளா? நீங்களே பாத்தியள்லா."

"நீ புருசனக் காப்பாத்தப் பேசுதே. சொல்லிக்குடுத்தேங்கதுக்கு என்ன சாட்சி?"

ஜெயலட்சுமி திரும்பிப் பார்த்தாள். சிந்து முகம் சிவந்து, போனை எடுத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி உயர்த்திப் பிடித்தாள். தைலத் தோப்பு முழுக்க ஜெயலட்சுமியின் குரல் ஆண்குரலில் முழங்கியது:

"ஏல எம் மக்கா! எதுக்குல கலங்குதிய? ஆலடிப்பொத்தைய விட்டு வந்தா ஒங்கள நான் விட்டுருவனால? நெருப்புல நீ நடந்தாலும்... ஏ சிந்து, பாலு பொங்குது பாரு, அடுப்ப அமத்து... நெருப்புல நீ நடந்தாலும் முன்னால நான் நடப்பேம்ல!"

முதலில் சிரித்தது மேளக்காரர். அடக்கப் பார்த்துத் தொண்டையில் புரையேறிவிட்டது அவருக்கு. அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. தேங்காய் துருவிய பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கறி கிளறியவர் கரண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஜெயலட்சுமிக்கு மட்டும் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மூக்காண்டி மீசையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாலு என்னளா ஆச்சு?" என்றார் கடைசியில்.

"பொங்கிட்டு மாமா."

அவ்வளவுதான். கிழவருக்கு உடம்பு குலுங்கிச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சிரிப்பு அடங்குகிற நேரம் கிருஷ்ணப்பா ஓரடி முன்னால் வந்தார். நெற்றியில் திருநீறு கண் இமை வரைக்கும் கொட்டியிருந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

"ஐயா, நான் ஒவ்வொரு வர்ஷமும் வரேன். சாமி எல்லார்கிட்டயும் மாத்தாடுது, பேசுது. எனக்கு ஒண்ணும் கொத்தாகல, புரியல. சரி, அவங்க சாமி, அவங்க பாஷே, நாம கை கூப்பினா போதும்னு நிப்பேன். இன்னிக்கு என்னக் கூப்ட்டிச்சு ஐயா. என் பாஷேல கூப்ட்டிச்சு." தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூக்காண்டி அவரைப் பார்த்தார். ஆடி நின்ற மாடனைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பீடத்துக்கு எதிரே போய் நின்றார். அத்தனை நேரம் அதட்டிய குரலைக் காணவில்லை.

"சாமி, நான் மண்ண எடுக்கத்தான் வந்தேன். நீ சொல்லு. இங்கனயே இருந்துக்கிடுதியா, இல்ல எங்கூட ஊருக்கு வாரியா?"

மாடன் அவர் தலையில் கை வைத்தான். "இங்கயும் இருக்கேன். ஊர்லயும் இருக்கேன். தூரம் உனக்குத்தான், எனக்கு இல்ல. ரயில்ல வந்து களைச்சுப்போயிருக்க. போ, போய் ஊட்டா பண்ணு."

"ஊட்டான்னா?" என்று மூக்காண்டி பக்கத்தில் கேட்டார்.

"சாப்பாடு மாமா" என்றாள் ஜெயலட்சுமி.

"ஆகட்டும் சாமி" என்று கிழவர் திருநீற்றை வாங்கிக்கொண்டார். விரித்த மஞ்சள் துணியை எடுத்து மாடன் தோளில் மரியாதையாகச் சாத்தினார். மேளக்காரர்களைத் திரும்பிப் பார்த்து, "என்னல வேடிக்க? அடிங்கல!" என்றார். குலவைச் சத்தம் ஆனேக்கல் சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

எல்லாரும் வரிசையில் வந்து திருநீறு வாங்கினார்கள். பெண்கள் கேட்டார்கள், மாடன் சொன்னான். யாருக்கும் இப்போது பேச்சு வேற்றாகப் படவில்லை. பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம். சாமி தங்களை மாதிரியே பேசுகிறது என்று மறுபடி மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள்.

கடைசியாக ஜெயலட்சுமி. நித்தம் அவள் வைகிற புருஷன் முகம்தான், ஆனால் அவளைத் தெரிந்துகொண்ட குறி அதில் இல்லை. அவள் கை தானாகக் கூப்பியது.

"உனக்கு என்னாம்மா வேணும்?"

கேட்க எவ்வளவோ இருந்தது. பெண்ணுக்கு நல்ல வேலை, கடைக்கு நல்ல இடம், அவளுடைய முதுகுவலி. எதுவும் அந்த நேரம் நாக்கில் வரவில்லை.

"ஒண்ணும் வேண்டாம் சாமி. நீ ஆடினது போதும். இவிய காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம நிக்காவ. எங்கிட்ட பத்திரமாத் திருப்பிக் குடுத்துரு."

மாடன் அவளையே பார்த்தான். திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் மெதுவாக வைத்தான். வைத்த கை அப்படியே தளர்ந்தது. வல்லயம் சரிந்தது. நான்கு பேர் தாங்கிப் பிடித்து உத்தமனைத் தைல மரத்தடியில் உட்காரவைத்தார்கள்.

ஜெயலட்சுமி முகத்தில் தண்ணீர் தெளித்து, முந்தானையால் துடைத்து, மோர்ச் செம்பை வாயில் வைத்தாள். அவன் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தான். பெரியப்பா இலை முன்னால் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவதும், கிருஷ்ணப்பா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து குழம்பு கேட்பதும் தெரிந்தது. அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஜெயா, நான் பேசினேனா?"

"பேசினிய."

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. பயந்துகினே இருந்தேன். நீ சொல்லிக்குடுத்ததெல்லாம் சரியா வந்துச்சா?"

சுற்றி நின்றவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். மூக்காண்டி பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் காதைக் கொடுத்தார். ஜெயலட்சுமி புருஷனின் தலையைக் கோதிவிட்டாள்.

"ஒரு எழுத்துப் பெசகல" என்றாள்.